எலும்பு ஆளுங்களுக்குக் குரல் கெடையாது

டாக்டரம்மா வாயை மட்டும் மூடச் சொல்லியிருந்தா, மேடையில பல குரல்ல பேசிப் பொழைக்கற நாச்சிமுத்து எப்படியோ சமாளிச்சிருப்பான், மனசையும் சேத்து மூடச் சொல்லிட்டாங்க, ரோதனையே அங்கதான். தொண்டைக்குள்ள குரல்நாண் மேல மொளச்சிருந்த சதைக்கட்டிய எடுத்துட்டு, கேமராவுல புடிச்ச படத்தக் கம்ப்யூட்டர்ல காட்டி, அவங்க ஊர் மலையாளம் கலந்த தமிழ்ல சொன்னது அப்படியே காதுல நிக்குது, நாச்சிமுத்து, ஒரு காரியம் சொல்லட்டே, மத்தவங்க வாய மூடினாப் போதும், உங்களுக்குப் போதாது, நீங்க ஒரு ஆள நெனச்சாலே உங்க தொண்டை அந்த ஆளோட சத்தத்துக்கு ரெடியாகுது, நான் கண்ணால பாத்தேன், அதனால மனசுக்குள்ள கூட யாரையும் பண்ணண்டாம், கேட்டோ. கேட்டுக்கிட்டீங்களாங்கறதுக்கு அவங்க போடற அந்தக் கேட்டோவ நெனச்சதும் நாக்கு மேலண்ணத்துல லேசா ஒட்டிக்கிச்சு, தொண்டை ஒரு பக்கமா இறுகிச்சு, டாக்டரம்மாவோட மூக்கு வழியா வர்ற அந்த மெல்லிசு சத்தத்துக்கு உள்ள எல்லாம் தயாராயிருச்சு. ஐயோ, விடு, விடு. டாக்டரம்மா சொன்னத டாக்டரம்மா குரல்லயே நெனச்சு டாக்டரம்மா பேச்சையே மீறியாச்சு, இப்படி ஒரு நோயாளிய அவங்க பாத்திருக்க மாட்டாங்க. தோள எறக்கினான், எச்சில முழுங்கினான், தொண்டையக் கனைக்கவும் கூடாது, குசுகுசுன்னு பேசவும் கூடாது, அது பேசறதவிடக் கெடுதலாம். ஆடி நோம்பிக்கு முன்னால மூடின வாய், இப்ப ரோட்டோரமெல்லாம் புள்ளையார் பொம்மை வந்து உக்காந்தாச்சு, இன்னிக்கு மத்தியானம்தான் தொறக்கணும், அதுவும் டாக்டரம்மா ரூம்ல, அவங்க கண்ணு முன்னால. பழையபடி வரலாம், கரகரன்னு வரலாம், வெறும் காத்தாவும் வரலாம், எதுன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னாப் பொய்யாயிரும்னாங்க. பொய் சொல்லாத டாக்டர். அதுக்கே அவங்களுக்கு ஒரு கும்புடு போடணும். போடறப்ப என்ன சொல்லிப் போடறது, நன்றிங்கம்மான்னா, காத்து மட்டும் வந்துச்சுன்னா நன்றிங்கறதுல என்ன மிஞ்சும், உஸ்ஸுன்னு ஒரு சத்தம், பஞ்சர் ஆன டியூப் நன்றி சொன்ன மாதிரி.

வேண்டாம், அதையும் நெனைக்கக் கூடாது, டியூபுக்குக் கூட தொண்டை ரெடியாகுது. எதுத்தாப்புல பாரு. எதுத்தாப்புல மேசை மேல வெள்ளத் துணி, துணி மேல எலும்பு ஆளுங்க. இவங்கள நெனச்சா மட்டும் தொண்டை சும்மா கெடக்குது. அதுக்குத்தான் பொண்டாட்டி கலாமணி அவன தெனமும் தன்ற வேலைக்கே கூட்டிக்கிட்டு வந்து இந்த முக்காலியில உக்கார வெக்கறா. வீட்ல விட்டா பால்காரர் பெல்லடிப்பாரு, எதுத்த வீட்டம்மா மாடியில இருந்து கூப்புடும், யாரு கத்தினாலும் அந்தக் குரல் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு நேரா இவன் தொண்டைக்குள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கும். இங்க அந்த வம்பு இல்ல. மில் முதலாளி ஒருத்தர் வாழ்ந்த பங்களா, அவரு போன பொறவு அருங்காட்சியகம் ஆயிருச்சு, பின்கட்டுல துணி தேச்சுக்கிட்டிருந்த ரூம்லதான் கலாமணி ஒடஞ்சது கழண்டதெல்லாம் செரி பண்றா, வடக்க போய்ப் படிச்சுட்டு வந்த வேலை. முதலாளி எந்தக் காலத்துலயோ இத்தாலிக்கு மெசின் வாங்கப் போனவரு மெசினோட இந்தப் பெட்டியையும் வாங்கியாந்திருக்காரு. அறுநூறு வருசத்துப் பெட்டியாம். மரத்துல செஞ்சு, சுத்தியும் எலும்புத் தகடு ஒட்டி, தகடு ஒவ்வொண்ணுலயும் ஆளுங்கள செதுக்கி, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்ல இருந்து பொண்ணுக்குக் கொடுப்பாங்களாம், நகை நட்டு போட்டு வெச்சுக்க. முதலாளி சாகற வரைக்கும் இது யானைத் தந்தம்னே எல்லாருகிட்டயும் காட்டிக்கிட்டு இருந்தாராம். தந்தமில்லீங்க, மாட்டுக் காலெலும்பு, பாருங்க, ஊசியால குத்தின மாதிரி கருப்பாச் சின்னச் சின்னப் புள்ளி தெரியுதா, உசுரோட இருக்கறப்ப ரத்தம் ஓடின வழின்னு கலாமணி பூதக்கண்ணாடியக் கொடுத்துக் காட்டினா. பாத்தான். ஒரு பொம்பள கன்னத்துல புள்ளி, நெத்தியில புள்ளி. ஏதோ ஒரு ஊர்ல ஏதோ ஒரு மாடு, வண்டி இழுத்துச்சோ ஏர் இழுத்துச்சோ, நடந்து நடந்து அதோட காலு இப்ப ஒரு பொண்ணு மொகமா நிக்குது. காலெலும்புல இருந்து தகடு எடுத்தா ரெண்டு விரல் அகலம்தான் கெடைக்குமாம், அதனால ஒரு தகட்டுல ஒரு ஆளோ ரெண்டு ஆளோதான் நிக்க முடியும், நெருக்கியடிச்சு, டவுன் பஸ்ஸுல நிக்கற மாதிரி, பின்னால ஒரு கோபுரம், காளான் மாதிரி ரெண்டு மரம். எலும்போட வளைவு அப்படியே இருக்கறதால எல்லாருக்கும் லேசா நெஞ்சு முன்னால தள்ளியிருக்கும், மூஞ்சி மட்டும் அறுநூறு வருசமாக் கை பட்டுப் பட்டு தேஞ்சு போச்சு, மூக்கு மழுங்கி, வாயி வெறும் கோடு. இவங்க எப்படிப் பேசினாங்கன்னு இன்னிக்கு உசுரோட இருக்கற ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததப் பண்ண முடியாது. அப்பாடா.

அப்பாடான்னு முடிச்சிருக்கலாம், நாச்சிமுத்துவோட மனசு அங்க நிக்கற சாதி இல்ல. கழட்டி வெச்சிருந்த தகடுங்க ஒட்டியிருந்த வரிசையிலேயே துணி மேல கெடக்குது, அதப் பாக்கப் பாக்க அவனுக்கு உள்ளங்காலு அரிக்குது. மொதல் தகட்டுல பொண்ணு கண்ணத் தொடச்சுக்கிட்டு நிக்கறா, ரெண்டாவதுல கல்யாணம், கையப் புடிச்சுக் கொடுக்கறாங்க, மூணாவதுல கப்பல்ல இருந்து மாப்பிள்ளை எறங்கறான், கடைசியிலதான் பொண்ணும் மாப்பிள்ளையும் மொதத் தடவையா ஒருத்தர ஒருத்தர் பாக்கறாங்க. நடுவுல எவனோ ஒருத்தன் கழண்டு விழுந்தத எல்லாம் கைக்கு வந்தபடி ஒட்டிட்டுப் போயிட்டான். மேடையில இப்படிப் பண்ணினா கல்லெடுத்து அடிப்பாங்க, சிரிப்ப மொதல்ல சொல்லிட்டு அப்பறம் கதைய ஆரம்பிக்கற மாதிரி. அவன் பொழைப்பே அந்தக் கணக்குல ஓடினது, எங்க மூச்சு விடறது, எங்க அரை நொடி சும்மா நிக்கறது, சனம் சிரிக்க வாயத் தொறக்கும்போது அடுத்தத உள்ள தள்ளறது. மாத்தி ஒட்டிரலாமேன்னு மொதல் வாரமே கையக் காட்டி, விரல்ல மேசையத் தட்டிச் சொல்லிப் பாத்தான். அதுக்குக் கலாமணி, உங்களுக்குத் தோணுதுன்னு மாத்தினா நாளைக்கு இன்னொருத்தருக்கு வேற தோணுமுங்க, தகட்டுக்குப் பின்பக்கம் செதுக்கினவங்க கீறின அடையாளம் ஏதாச்சும் கெடைச்சாத்தான் மாத்தணும், கெடைக்கலீன்னா எடுத்தபடியே வெக்கணும், என்ற கைக்கு வந்தது இந்த வரிசையில, அதுக்கும் ஒரு மரியாதை இருக்குதுன்னு சொல்லிட்டா. வாயிருந்தா வாக்குவாதம் பண்ணியிருப்பான். வாயில்லாததால பாத்துக்கிட்டே இருந்தான், பாத்துக்கிட்டே இருந்ததுல ஒண்ணு புடிபட்டுச்சு, இந்தப் பொண்ணுக்கு அழுகை மொதல்ல முடிஞ்சுருச்சு. அழ வேண்டியத எல்லாம் அழுது தீத்துட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, கப்பல் வந்து, கடைசியில ஒரு ஆள மொதத் தடவையாப் பாக்கறா. அப்படியும் ஒரு வாழ்க்கை இருந்தா நல்லாத்தான் இருக்கும். அந்தக் கடைசித் தகட்டுல, பாரு, மாப்பிள்ளைக்குப் பின்னால ஒருத்தன் கேடயத்தப் புடிச்சுக்கிட்டு, குண்டா, வயித்த முன்னால தள்ளிக்கிட்டு, எல்லாருக்கும் வழி சொல்ற தோரணையில நிக்கறான், அச்சு அசல் மச்சான் சுந்தரமூர்த்தி, என்னங்க மாப்ள கப்பல்ல வந்தீங்களாக்கும், நான் சொன்னனே பஸ்ஸுல வந்திருந்தா பாதி நேரத்துல... ஐயோ. வந்துட்டான். தொண்டைக்குள்ள மச்சான் வந்துட்டான். குரல்வளை கீழ எறங்கிருச்சு, மச்சானோட அந்தப் பானைக்குள்ள இருந்து வர்ற சத்தத்துக்கு எடம் விட்டு. நாச்சிமுத்து டக்குனு கண்ண மூடினான், மூச்ச மூக்கு வழியா விட்டான், மச்சான வாசல் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயி அனுப்பி வெச்சான். மச்சான் வீட்டுக்கு வந்தா எந்திரிச்சுப் போறதுக்கு எவ்வளவு நேரமாகுமோ மனசுல இருந்து போறதுக்கும் அவ்வளவு நேரமாச்சு.

நல்ல மனுசன். ஆபரேசன் அன்னிக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து, இவனுக்கு ஒண்ணும் ஆகாது, எமன் வந்தா எமன மாதிரியே பேசி வெரட்டி விட்டுருவான்னு சொல்லிச் சொல்லிக் கலாமணியச் சிரிக்க வெச்சது அவருதான். அந்த ஆளப் பண்ணிப் பண்ணியே எத்தன மேடையில கைதட்டு வாங்கியிருக்கான். நடிகருங்களையும் தலைவருங்களையும் பண்றதுக்கு ஊருக்குப் பத்துப் பேரு இருக்காங்க, நாச்சிமுத்து பண்றது பஸ் கண்டக்டர, கல்யாண மண்டபத்துல மைக்கப் புடிச்சு மொய் வாசிக்கறவர, பந்தியில ரசத்தோட ஓடறவர, ரேசன் கடை அம்மாவ. பாக்கறவங்க, அட இது எங்கூர்ல இருக்கற ஆளுன்னு சிரிப்பாங்க. ஒருத்தருகிட்டயாவது கேட்டு எடுத்தானா, இல்ல, அவங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டுப் போனாங்க, இவன் பாட்டுக்கு எடுத்து வெச்சுக்கிட்டான், அதுல வந்த சோத்தச் சாப்புட்டு, ரெண்டு ரூம் வீடு கட்டி, இன்னிக்கு இந்த முக்காலியில வந்து உக்காந்திருக்கான். மாடு நடந்துச்சு, எவனோ செதுக்கினான். அந்த ரேசன் கடை அம்மா கூட ஒரு தடவை மேடைக்குக் கீழ உக்காந்து பாத்துட்டு, என்னைய விட நீ நல்லாக் கத்தற சாமின்னு சொல்லிட்டு, அடுத்த மாசம் நல்ல அரிசி வந்தப்ப ஆளு விட்டுக் கூப்புட்டுச்சு. இதுக்கெல்லாம் எங்க போயி நன்றி சொல்றது. எல்லாரும் இன்னும் அங்கங்க பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க, இவன் குரல் போனாலும் அவங்க குரல் அவங்ககிட்ட பத்திரமா இருக்கு, அதுல பயமில்ல. பயம் வேற எடத்துல. பேசாம இருக்கறவங்க இருக்காங்களே. மாமனாரு. நெனைக்காதே. நெனைக்காம எப்படி இருக்கறது, இன்னிக்கு மத்தியானம் ஆச்சுன்னா தெரிஞ்சுருமே. கலாமணியோட அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்க் களத்துல எண்ணிப் போடறவரு, ஒண்ணுன்னு சொல்ல மாட்டாரு, லாபம்னு ராகமா இழுத்து ஆரம்பிச்சு, ரெண்டு, மூணுன்னு பாட்டு மாதிரி எண்ணிக்கிட்டே போவாரு, களத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாக் கோயில்ல ஏதோ பாடற மாதிரி இருக்கும். போன்ல குரலப் புடிச்சு வெக்கற காலம் வர்றதுக்குள்ள போயிட்டாரு. காரியமெல்லாம் முடிஞ்சு ஒறம்பரைச் சனமெல்லாம் கெளம்பின அன்னிக்கு, கலாமணி பாத்திரத்தத் தொடச்சு அடுக்கிக்கிட்டே, இவன் மூஞ்சியப் பாக்காம, அப்பா மாதிரி ஒருக்கா எண்ணுங்கன்னா. எண்ணினான். லாபம்னு ஆரம்பிச்சு அஞ்சாறு வரைக்கும் போயிருப்பான், போதுமுங்கன்னா. அப்பறம் அவ ஒரு நாளும் கேக்கல. ஆனா குளிக்கறப்ப இவன் வேணும்னே அந்தக் குரல்ல எண்ணுவான், அப்ப சமையக்கட்டுல பாத்திரச் சத்தம் நின்னுரும். எண்ணி முடிச்சதும் மறுபடி கேக்கும். அதப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்ல. மாமனாரு குரல் இப்ப ஒலகத்துல இருக்கற ஒரே எடம் இவன் தொண்டை, அதுல கத்தி வெச்சாச்சு. வெக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டது யாருன்னா அதே கலாமணி. பேனாவ வாங்கினா, போட்டா, திருப்பிக் கொடுத்தா. அந்தக் கட்டி நல்லதில்லாமக் கூட இருக்கலாம்னு டாக்டரம்மா சொன்ன அடுத்த நிமிசம், அப்பா குரலு, இவன் குரலு, வீட்டுச் சோறு எல்லாத்தையும் ஒரு பக்கம் ஒதுக்கி வெச்சுட்டு, ஆளு இருந்தாப் போதுமுங்கம்மான்னா. கட்டி நல்ல கட்டிதான்னு பரிசோதனையில வந்த அன்னிக்கு அவ கோயிலுக்குப் போகல, அழுகல, ஒரு தேங்கா பன்னு வாங்கிப் பாதி பிச்சு இவன் கையில கொடுத்துட்டு மீதிய பஸ் ஸ்டாப்புல நின்னே தின்னா.

அந்தப் பன்னோட இனிப்பு இன்னும் நாக்குல இருக்கு. அவ்வளவுதான், அதுக்கு மேல என்ன வேணும். குரல் வராட்டிப் போகட்டும், இப்படியே இந்த முக்காலியில உக்காந்துக்கிட்டு, அவ குச்சியில பஞ்சு சுத்தறதப் பாத்துக்கிட்டே இருந்துரலாம், மூங்கில் குச்சிய வெரலுக்கு நடுவுல ஒரு உருட்டு உருட்டினாப் பஞ்சு தானா ஒட்டிக்கும், தண்ணியில தொட்டு, நெத்தியில மாட்டியிருக்கற கண்ணாடியக் கீழ எறக்கி, எலும்பு ஆளோட காதோரம் அழுக்கு எடுப்பா, கொழந்தைக்குக் காது தொடைக்கற மாதிரி. ஒரு மாசத்துக்கு மேலாப் பாக்கறான். கல்யாணமாகி இத்தன வருசத்துல அவ வேலை செய்யறத அவன் பாத்ததே இல்ல. அவதான் மேடைக்குக் கீழ உக்காந்து இவனப் பாத்துக்கிட்டு இருந்தா. இவன் வாய் ஓஞ்ச பொறவுதான் தெரியுது, அவ வேலை செய்யறப்ப கீழ் உதட்ட லேசாக் கடிச்சுக்குவா, தகடு ஒண்ணு நல்லாப் பொருந்திருச்சுன்னா அதுகிட்ட ம்ம்ன்னு ஒரு சத்தம் போடுவா, பாராட்டற மாதிரி. அந்த ம்ம்ங்கற சத்தத்த இவன் எடுத்து வெச்சுக்கல. தொண்டை அதுக்கு ரெடியாகல. அதிசயமா இருந்துச்சு, எல்லாரும் வந்து உக்கார்ற தொண்டையில பொண்டாட்டி மட்டும் வந்து உக்காரவே இல்ல, இத்தன வருசத்துல அவளப் பண்ணினதே கெடையாது, ஏன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சதும் கெடையாது. மத்தியானம் மொத வார்த்தையா என்ன சொல்றதுன்னு ஒரு வாரமா ஒத்திகை பாக்கறான், மனசுக்குள்ள குரலில்லாம, எழுத்தா. டாக்டரம்மா காலத் தொட்டுக் கும்புட்டுட்டு வணக்கம்மான்னு சொல்லலாம், இல்ல, கேட்டோன்னு சொல்லிச் சிரிக்க வெக்கலாம், இல்ல, கலாமணி பக்கம் திரும்பி, நீ தின்ன பாதிப் பன்னு இன்னும் பாக்கி இருக்குதுன்னு சொல்லலாம், சரியா எந்த நொடியில, அவ கைப்பையத் தொறக்கறப்பவா, மூடறப்பவா. இருவத்தி சொச்சம் வருசம் நொடியப் புடிச்சுத் தின்னவன், இந்த ஒரு நொடிய விட்டுருவானா. ஜன்னலுக்கு வெளிய வேப்ப மரத்துல வெயில் ஏறிக்கிட்டு இருந்துச்சு. அடுப்புல தண்ணிக்குள்ள வெச்ச கிண்ணத்துல வஜ்ஜிரப் பசை உருகற வாசம், மாட்டுத் தோலக் காய்ச்சின வாசம், மொத நாள் கொமட்டுச்சு, இப்ப அந்த வாசம் வந்தாத்தான் மனசு எறங்குது. கலாமணி பிரஷ்ஷுல பசையத் தொட்டுப் பெட்டியோட ஓரத்துல தடவிட்டு, கப்பல்ல இருந்து எறங்கறவன ரெண்டு விரல்ல எடுத்தா. நிமிந்து பாக்கல.

"ஏனுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

"சரி."

முக்காலிய இழுத்துத் தள்ளி உக்காந்தான். இப்ப வெயில் நேரா அவ கைமேல விழுந்துச்சு. தகட்ட அதோட எடத்துல வெச்சா, மறு கையால மேசை மேல எதையோ தேடினா.

"கட்டற நாடாவ எங்கீங்க வெச்சேன்?"

"உன்ற மடியில."

"அட, ஆமா." நாடாவ எடுத்துப் பெட்டியச் சுத்தி ஒரு சுத்து சுத்தினா. "இந்த மூலையச் சித்தெ புடிங்க. பசை புடிக்கிற வரைக்கும் விடக் கூடாது. அமுத்தவும் கூடாது."

"அமுத்தல."

"இன்னிக்கு ரசமா, மோரா?"

"மோரே போதும். நேத்து ரசத்துல உப்பு..."

"உப்பு?"

"கொஞ்சம் தூக்கல்."

"நேத்துச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நேத்து எப்படிச் சொல்றது?" அப்படின்னு சொல்லிட்டு, பெட்டியில இருந்த அவ விரல்களப் பாத்தான். "அம்மிணி, பாத்து, கை நடுங்குது."

"உங்க கையா?"

"என்ற கை இல்ல. உன்ற கைதான்..."

அங்க நின்னுச்சு. இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தது தான்தான்னு அப்பத்தான் அவனுக்கு ஒறச்சுச்சு. நாச்சிமுத்து வாயத் தொறந்தபடியே இருந்தான், மூடவும் தெரியல. கலாமணி நிமிந்தா. கண்ணாடிக்குப் பின்னால கண்ணு ரெண்டும் பெருசாத் தெரிஞ்சுது, அதுல தண்ணி நிறைஞ்சு எப்ப வேணா விழலாம்னு நின்னுச்சு, தொடைக்கலாம்னா ரெண்டு கையும் பெட்டியில மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அவன் கையும்தான்.

"எப்பப் புடிச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கற?" கரகரன்னு, அடியில மணல் கெடக்கற மாதிரி, ஆனா முழுசா வந்துச்சு.

"சரின்னீங்களே, அப்பப் புடிச்சு."

"சொல்ல வேண்டாமா?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன். ரசத்துல உப்பு செரியாத்தான் இருந்துச்சு, பேசறீங்கன்னு விட்டுட்டேன்."

"மத்தியானம் டாக்டரம்மா..."

"அங்க போயி இன்னொருக்கா மொத வார்த்தை பேசுங்க. நானும் இன்னொருக்கா ஆச்சரியப்படறேன்."

அவன் சிரிச்சான், சிரிப்பு பாதியில ஒடஞ்சு, மறுபடி வந்துச்சு. அந்தச் சத்தத்தக் காதக் குடுத்துக் கேட்டான். மனசுக்குள்ள இருக்கற அத்தன பேரையும் வரிசையா நிறுத்திப் பாத்தான், கண்டக்டரு இல்ல, மண்டபத்து மைக் ஆளு இல்ல, மச்சான் இல்ல, மேடையில இவனே இவன் குரல்னு பேசிக்கிட்டு இருந்தானே, அதுவும் இல்ல. மாமனாரு அந்த வரிசையில எங்க நின்னாருன்னு தெரியல. தேடவும் இப்ப அவசரமா இல்ல.

"இது யாரு மாதிரி இருக்குது அம்மிணி?"

அவ தலையச் சாச்சா. கண்ணுல நின்னது ஒரு சொட்டு வெள்ளத் துணி மேல விழுந்துச்சு, தகடுங்களுக்குத் தள்ளித்தான்.

"யாரு மாதிரியும் இல்லீங்க."

"அப்பறம் யாருதுதான்?"

"தெரியல. யாரும் வந்து இது என்னுதுன்னு கேக்கலீன்னா, நாமளே வெச்சுக்கலாம்."